9 மில்லி பெட்டிக்குள் ஒரு குட்டைத் தோட்டா: துப்பாக்கிக்கு ஏற்றதுதானா என்று எப்படி உறுதி செய்வது?

செந்தூல் கவி (கோலாலம்பூர்)

எல்லாருக்கும் வணக்கம். நான் செந்தூலில் இருக்கிறேன், கணக்காய்வு வேலை. ஏழு மாதமாக ஞாயிறு காலையில் ஒரு துப்பாக்கி சுடும் கிளப்புக்குப் போகிறேன். சொந்தமாகத் துப்பாக்கியும் இல்லை, லைசென்ஸும் இல்லை. கிளப் பிஸ்டல்தான், பக்கத்தில் பயிற்றுநர் நின்றால்தான் சுடுவேன். கிளப் பெயரை இங்கே எழுத மாட்டேன். அவர்கள் நல்லவர்கள்.

போன ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன். ஒரே மேசையை மூன்று பேர் பங்கு போட்டுக்கொண்டிருந்தோம். பக்கத்தில் ஒரு மூத்த உறுப்பினர், சட்டைப்பைக்குள் போகிற அளவுக்குச் சின்ன பிஸ்டல் ஒன்றைச் சுட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ முழங்கையால் இடித்ததில் அவருடைய தோட்டாப் பெட்டி கவிழ்ந்தது. ஒரு பையன் உடனே குனிந்து எல்லாவற்றையும் பொறுக்கி வைத்தான். அதில் ஒன்று என் பெட்டிக்குள் வந்துவிட்டது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

நான் மேகசினில் (பிஸ்டலின் பிடிக்குள் சொருகும் தோட்டாக் கூண்டு) பத்து தோட்டா ஏற்றினேன். ஆறு சரியாகப் போயின. ஏழாவது நனைந்த பட்டாசு மாதிரி 'புஸ்' என்றது. கையில் உதை இல்லை. ஒவ்வொரு முறை சுடும்போதும் பின்னால் போய்த் திரும்புகிற மேல் பகுதி, அதாவது ஸ்லைடு, பாதியில் நின்றுவிட்டது. பழக்க தோஷத்தில் என் இடது கை ஸ்லைடை இழுக்கப் போனது. பின்னாலிருந்து ரேஞ்ச் ஆபீசர் "பெர்ஹெந்தி!" (நிறுத்து) என்று கத்தினார். அப்படியே உறைந்து போனேன். அவர் பிஸ்டலை வாங்கி, மேகசினைக் கழற்றி, காலிக் கூட்டை (வெடிமருந்து இருக்கும் பித்தளை உறை) குத்தி வெளியே எடுத்து, குழலுக்குள் ஒரு கம்பியை விட்டுப் பார்த்தார். கம்பி தடையில்லாமல் மறுபக்கம் வந்தது. அப்புறம் அந்தக் கூட்டை என் உள்ளங்கையில் வைத்தார். மற்றக் கூடுகளைவிடக் குட்டை. ஒரு பக்கம் வீங்கி, வாயிலிருந்து பாதி வரை கரி. அடியில் '.380 ஆட்டோ' என்று பொறித்திருந்தது.

அந்தப் பெரியவரின் பெட்டியைப் பார்த்தேன். அதில் '9 மிமீ குர்ஸ்' என்றும் இருக்கிறது! என்னுடையது '9 மிமீ லூகர்'. இரண்டும் 9 மில்லி என்றால் ஏன் சரியாகச் சுடவில்லை? பொருந்தாது என்றால் ஏன் உள்ளே போனது? அதே மேசையில் .38, .357, 9×21 எல்லாம் வருகின்றன. ஒவ்வொரு தோட்டாவையும் எப்படிச் சரிபார்ப்பது? மூன்று இரவாக இதே யோசனைதான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தினேஷ், பூச்சோங்

கவி, ஒன்றும் ஆகவில்லை என்பதே நிம்மதி. என் அனுபவத்தில் எளிய வழி, எப்போதும் ஒரே பிராண்ட், ஒரே நிறப் பெட்டி வாங்கச் சொல்லுங்கள். பெட்டி மேல் 9 மிமீ லூகர் என்று இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றலாம். நான்கு வருடமாக அப்படித்தான் செய்கிறேன்.

பிறை ஆர்மரர்

மகளே கவி, வயதில் நீ என் மகள் மாதிரி, ஒருமையில் எழுதுவதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதே. நான் பிறையில் இருக்கிறேன். சீருடைப் பணியில் ஆயுத ஸ்டோரில் 26 வருடம் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பார்த்துப் பராமரிப்பவனாக, இருந்து ஓய்வு பெற்றவன். உன் பதிவைக் காலையில் பசியாறும்போது படித்தேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தம்பி தினேஷ், கோபப்படாதே. கண்ணை மூடிக்கொண்டு ஏற்றலாம் என்பதை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள். கவியின் பெட்டி மேல் சரியாகத்தான் எழுதியிருந்தது. பெட்டி பொய் சொல்லவில்லை, உள்ளே இருந்த ஒன்றுதான் வேறு. தொழிற்சாலையில் ஒட்டி வந்த பெட்டியைத் திறக்கும்வரைதான் அந்த எழுத்துக்கு மதிப்பு. மேசை மேல் திறந்து வைத்த பிறகு அது வெறும் அட்டை.

இப்போது கவியின் கேள்வி. ஏன் உள்ளே போனது?

9 மிமீ லூகரில் குண்டின், அதாவது குழல் வழியே பறந்து போகும் முனையின், விட்டம் ஏறக்குறைய 9.01 மில்லி. .380-இன் குண்டும் அதே அளவுதான், முடியிழை வித்தியாசம். வித்தியாசம் கூட்டில் இருக்கிறது. லூகர் கூட்டின் நீளம் 19.15 மில்லி. .380-இன் கூடு 17.3 மில்லி. அதனால்தான் ஒன்றை 9×19 என்கிறார்கள், மற்றதை 9×17 என்கிறார்கள். குர்ஸ் என்றால் ஜெர்மன் மொழியில் குட்டை. இத்தாலியப் பெட்டியில் அதே தோட்டாவுக்கு 'கோர்த்தோ' என்று இருக்கும், அதற்கும் குட்டை என்றுதான் பொருள்.

லூகர் தோட்டா அறைக்குள், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்துக்குள், போனதும் அதன் கூட்டின் வாய் விளிம்பு அறையின் உள்படியில் முட்டி நிற்கும். அதுதான் அதன் இருக்கை. உன் குட்டைத் தோட்டாவுக்கு அந்தப் படி எட்டாது, இரண்டு மில்லி உள்ளே தள்ளிப் போகப் பார்க்கும். அன்றைக்கு அதைப் பின்னால் பிடித்து நிறுத்தியது எக்ஸ்ட்ராக்டர் நகம், சுட்ட கூட்டைப் பிடித்து வெளியே இழுக்கிற கொக்கி. .380-இன் அடி விளிம்பு 9.5 மில்லி, லூகரின் விளிம்பு 10 மில்லிக்கு ஒட்டி. நகம் அரைகுறையாகப் பிடித்தது, ஊசி எட்டியது, வெடித்தது. அறையின் பின்பகுதி .380 கூட்டுக்குக் கொஞ்சம் அகலம் ஆனதால் கூடு ஒரு பக்கம் வீங்கி, வாய் வழியாகப் புகை பின்னால் கசிந்தது. நீ பார்த்த கரி அதுதான். மருந்து குறைவு என்பதால் ஸ்லைடை முழுதாகத் தள்ளப் பலமில்லை. அமெரிக்கத் தயாரிப்பாளர் அமைப்பு வைத்த உச்ச அழுத்தம் லூகருக்குச் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு, .380-க்கு 21,500 பவுண்டு. ஸ்பிரிங் பெரியதற்காகச் செய்தது, சின்னது அதை அசைக்கத் திணறியது.

பிஸ்டல் கெட்டிருக்குமா என்று நீ கேட்கவில்லை, ஆனால் மனதில் அதுவும் இருக்கும். பலவீனமான தோட்டாவைப் பலமான துப்பாக்கியில் சுட்டிருக்கிறாய், குழலுக்குச் சேதம் வர வாய்ப்பு மிகக் குறைவு. நகத்தையும் அறையையும் ஒருமுறை ஆர்மரர் பார்த்தால் போதும். திசை மாறியிருந்தால், அதாவது .380 பிஸ்டலில் லூகர் போகப் பார்த்திருந்தால், நல்ல வேளையாக நீளம் தடுக்கும், ஸ்லைடு மூடாது. யாரும் அதை உள்ளங்கையால் அடித்து மூடக் கூடாது. மூடவில்லை என்றால் துப்பாக்கி உன்னிடம் ஏதோ சொல்கிறது.

அந்த ரேஞ்ச் ஆபீசருக்கு என் சார்பில் ஒரு தே தாரேக் (ஆற்றிய தேநீர்) வாங்கிக் கொடு. நீ ஸ்லைடை இழுத்து அடுத்ததை ஏற்றிச் சுட்டிருந்தால், முந்தைய குண்டு குழலில் சிக்கியிருந்தால், என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். 1991-இல் ஒரு பயிற்சித் தளத்தில் ஓர் இளைஞர் .38 ரிவால்வரில் சுட்டார். ஒரு சத்தம் மெலிந்து கேட்டது. வரிசையில் பன்னிரண்டு பேர் சுட்டுக்கொண்டிருந்ததால் அவர் கவனிக்கவில்லை, அடுத்ததையும் அழுத்தினார். குழலை என் மேசைக்குக் கொண்டுவந்தார்கள். தவளையை விழுங்கிய பாம்பு மாதிரி நடுவில் ஒரு புடைப்பு. உள்ளே இரண்டு குண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஒட்டியிருந்தன. நல்ல எஃகு, அதனால் பிளக்கவில்லை, பையனுக்கு விரல் தப்பியது. அந்தக் குழலை நான் கழற்றி வைத்த ஈரத் துணியின் வாசனை வரை ஞாபகம் இருக்கிறது. சத்தம் மெலிந்தால், உதை குறைந்தால், நிறுத்து. முனை இலக்கின் பக்கமே இருக்கட்டும். கையை உயர்த்து. குழலில் கம்பி விட்டுப் பார்க்காமல் அடுத்தது கிடையாது. அழுத்தியும் வெடிக்கவே இல்லை என்றால் முனையை அப்படியே முப்பது வினாடி பிடி, தாமதமாக வெடிப்பது உண்டு.

சரி, எப்படிச் சரிபார்ப்பது. நான் ஸ்டோரில் செய்ததை அப்படியே சொல்கிறேன். மூன்று இடத்தில் எழுத்து இருக்கிறது, மூன்றும் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும். முதலில் துப்பாக்கியின் குழல். பிஸ்டலில் ஸ்லைடின் வலப்பக்கத் திறப்பு வழியாகக் குழலின் மேல் தெரியும், ரிவால்வரில் குழலின் பக்கவாட்டில் இருக்கும். '9×19' என்றோ '9 மிமீ பரா' (பராபெல்லம்) என்றோ '9 மிமீ லூகர்' என்றோ இருந்தால் மூன்றும் ஒன்றுதான். 1902-இல் கியோர்க் லூகர் உருவாக்கிய தோட்டா, பெயர்தான் மூன்று. வெறும் '9 மிமீ' என்று மட்டும் இருந்தால் ஊகிக்காதே, பயிற்றுநரைக் கேள். அடுத்து பெட்டி. கடைசியாகத் தோட்டாவின் அடி. நடுவில் வட்டமாக பிரைமர் (ஊசி அடித்ததும் தீப்பற்றுகிற சின்ன மூடி), அதைச் சுற்றி எழுத்து. இதில் கடைசிதான் என் கணக்கில் முதல்.

அடியைப் படிப்பதற்கு முன் ஒரு காரியம் செய்வேன். வெள்ளை குட்மார்னிங் துண்டு ஒன்றை மேசையில் விரிப்பேன். பெட்டியில் உள்ள ஐம்பதையும் அடி கீழே, மூக்கு மேலே இருக்கும்படி பத்துப் பத்தாக ஐந்து வரிசையில் நிறுத்துவேன். அப்புறம் குனிந்து கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்து வரிசையை நீளவாக்கில் பார்ப்பேன். லூகர் நின்றால் உயரம் ஏறக்குறைய 29.7 மில்லி, .380 நின்றால் 25 மில்லி. விழுந்த பல் போல அந்த இடைவெளி கண்ணில் குத்தும். இதற்கு ஒரு நிமிடம் கூட ஆகாது. அப்புறம் ஒவ்வொன்றையும் கவிழ்த்து அடியைப் படித்துக்கொண்டே மேகசினில் ஏற்றுவது. ஏற்றுகிற விரலும் படிக்கிற கண்ணும் ஒன்றாகப் போகப் பழகினால் நேரம் கூடாது. வெளிச்சம் போதாவிட்டால் கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடி, பொறித்த எழுத்தில் நிழல் விழும்.

ஆனால் உயரத்தை மட்டும் நம்பக் கூடாத இடமும் உண்டு. உன் மேசைக்கு வருகிற 9×21 அப்படி. இத்தாலியில் ராணுவம் பயன்படுத்துகிற தோட்டாவைப் பொதுமக்கள் துப்பாக்கியில் போடத் தடை இருந்ததால், கூட்டை இரண்டு மில்லி நீட்டி, குண்டை அதே அளவு உள்ளே இறக்கி, மொத்த உயரம் லூகரைப் போலவே வரும்படி செய்தார்கள். துண்டின் மேல் நின்றால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். லூகர் அறையில் 9×21 முழுதாக இறங்காது, ஸ்லைடு மூடாமல் நிற்கும். 9×21 அறையில் லூகர் போனால் உன் கதைதான் திரும்ப நடக்கும். அடியைப் படித்தால்தான் தெரியும்.

.38 பற்றிக் கேட்டாய். இங்கேதான் பெயர் எல்லாரையும் குழப்புகிறது. .38 ஸ்பெஷலின் குண்டு அங்குலத்தில் .38 இல்லை, .357-தான், சுமார் 9.07 மில்லி. பழைய காலத்துக் கூட்டின் வெளி அளவிலிருந்து வந்த பெயர் அப்படியே தங்கிவிட்டது. அதாவது .38, .357, .380, 9 மில்லி நான்கும் கிட்டத்தட்ட ஒரே பருமனான குண்டைத்தான் தள்ளுகின்றன, ஆனால் நான்கும் நான்கு தோட்டா. பெட்டி மேல் உள்ள எண்ணை அளவு என்று படிக்காதே, ஆள் பெயர் என்று படி. ஒரே தாமானில் (குடியிருப்பில்) நான்கு முருகன் இருந்தால் அப்பா பெயரையும் சேர்த்துக் கேட்போமா இல்லையா, அப்படி முழுப் பெயரைக் கேள். '.38' என்பது பெயரில்லை. '.38 ஸ்பெஷல்' என்பது பெயர்.

.357 மேக்னம் ரிவால்வரில் .38 ஸ்பெஷல் சுடலாம். திரும்பிச் செய்யக் கூடாது. 1930-களின் நடுவில் மேக்னத்தை உருவாக்கியபோது கூட்டை மூன்று மில்லிக்கும் மேல் வேண்டுமென்றே நீட்டினார்கள், பழைய .38 ரிவால்வரில் யாரும் போட்டுவிடக் கூடாது என்றுதான். உச்ச அழுத்தம் ஸ்பெஷலுக்கு 17,000, மேக்னத்துக்கு 35,000. இரண்டு மடங்கு! மேக்னம் ரிவால்வரில் ஸ்பெஷல் நிறையச் சுட்டால் அறைக்குள் ஒரு கரி வளையம் படியும், அதைத் தேய்த்து எடுக்காமல் அடுத்து மேக்னம் போட்டால் நுனி இடிக்கும். தள்ளிச் சொருகாதே, தூரிகையை எடு.

நீளம் காப்பாற்றாத ஜோடியும் உண்டு. 1900-இல் வந்த .38 ஏசிபி (ஆட்டோமேட்டிக் கோல்ட் பிஸ்டல்), 1929-இல் வந்த .38 சூப்பர். உருவத்தில் ஒன்று போலவே இருக்கும், உள்ளே இருக்கிற மருந்து வேறு. பழைய ஏசிபி பிஸ்டலில் சூப்பர் சுகமாக இறங்கும். அது இறங்குவதுதான் ஆபத்து. 'பிளஸ் பி' என்று அடியில் இருந்தாலும் அப்படித்தான், அழுத்தம் கூடிய தோட்டா, துப்பாக்கிக் கையேடு அனுமதித்தால் மட்டும்.

எங்கள் ஊர்ப் பக்கம் இன்னொன்று. இங்கிலாந்துக்காரர்கள் விட்டுப்போன வெப்லி ரிவால்வர்களை நான் கையில் எடுத்திருக்கிறேன். சிங்கப்பூர் போலீஸுக்கென்றே பாதுகாப்பு விசை வைத்து வெப்லி செய்து அனுப்பியதும் உண்டு. அவற்றுக்கான தோட்டா .38 எஸ் அண்ட் டபிள்யூ (ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்), கூடு குட்டை, குண்டு கொஞ்சம் பருமன். .38 ஸ்பெஷலுக்கும் அதற்கும் உறவே இல்லை. உலகப்போர் காலத்து ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் சிலவற்றை அப்புறம் ஸ்பெஷலுக்காகத் துளையை நீட்டி விற்றார்கள். அவற்றில் சுட்ட கூடு பானை வயிறு போலத்தான் வெளியே வரும். பழைய துப்பாக்கி என்றால் எழுத்தையும் முழுதாக நம்பாமல், தெரிந்த ஆர்மரர் அறையை அளந்து சொன்ன பிறகுதான் தோட்டா.

மேசையை மூன்று பேர் பங்கு போடுவதைப் பற்றி உன் கிளப் பெரியவர்களிடம் மெதுவாகப் பேசு. ஒரு மேசையில் ஒரு காலிபர், அதாவது ஒரே பெயர்த் தோட்டா, மட்டும். கீழே விழுந்தது எந்தப் பெட்டிக்கும் திரும்பக் கூடாது, தனி டப்பாவுக்குப் போக வேண்டும், யாராவது படித்துப் பிரிக்கும்வரை. அந்தப் பையனைத் திட்டாதே. உதவி செய்ய நினைத்த பிள்ளை.

நிபோங் திபால் சரவணன்

ஆர்மரர் ஐயா சொன்னதைப் படித்ததும் எங்கள் தோட்டம் ஞாபகம் வந்துவிட்டது. கேட்டது கைத்துப்பாக்கி பற்றி என்று தெரியும், ஆனாலும் சொல்கிறேன். அப்பாவிடம் லைசென்ஸோடு ஒரு செனாப்பாங் பாத்தா இருந்தது, மடக்குத் துப்பாக்கி, காட்டுப் பன்றிக்காக. 12 கேஜ், இந்த வகைத் துப்பாக்கியின் குழல் அளவு, எண் கூடினால் குழல் ஒல்லி. சித்தப்பாவின் 20 கேஜ் தோட்டா ஒன்று அவர் பையில் கலந்துவிட்டது. 20 கொஞ்சம் ஒல்லி என்பதால் 12-இன் அறையைத் தாண்டி வழுக்கிப் போய்க் குழலின் கழுத்தில் உட்கார்ந்துகொள்ளும். பின்னாலிருந்து பார்த்தால் அறை காலி மாதிரி தெரியும். மேலே ஒரு 12-ஐப் போட்டால் அதுவும் இடிக்காமல் உட்காரும். அப்பா அன்று சுடும் முன் குழல் வழியாக வானத்தைப் பார்த்தார், வெளிச்சம் தெரியவில்லை. அவ்வளவுதான், அதனால்தான் நான் அப்பாவோடு வளர்ந்தேன். 20 கேஜ் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் போடுவதே இதற்காகத்தான் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். மஞ்சளைப் பார்த்தால் தனியே வையுங்கள்.

செந்தூல் கவி

ஆர்மரர் ஐயா, எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா முதலில் "இந்தச் சனியனை விட்டுத் தொலை" என்றார், கடைசிப் பத்திக்கு வந்தபோது "அவர் சொல்கிற மாதிரி செய்" என்றார். சரவணன் அண்ணே, உங்கள் அப்பா வானத்தைப் பார்த்த இடத்தில் எனக்கு மூச்சு நின்றுவிட்டது.

இன்னும் மூன்று கேள்வி. ஒன்று, கிளப்பில் .22 பிஸ்டல்களும் இருக்கின்றன. அதில் இந்தக் கவலை வேண்டாம் என்று ஒருவர் சொன்னார், சரியா? இரண்டு, 9 மில்லியும் .40-உம் ஒன்று போலவே இருக்கும் பிஸ்டல்கள் உண்டாமே? மூன்று, இதைக் கேட்கவே பயமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து பையைத் துழாவியபோது, பக்க ஜிப்பில் ஒரு தோட்டா தங்கியிருக்குமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. இல்லை, தேடிவிட்டேன். இருந்திருந்தால்?

பிறை ஆர்மரர்

மூன்றாவதை முதலில் சொல்கிறேன், அதுதான் பெரியது. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் தோட்டாவும் துப்பாக்கியைப் போலத்தான். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் ஏழு வருடம் வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். ஒன்றுதானே என்ற கணக்கு அங்கே கிடையாது. அதனால் சுடும் மேசையை விட்டு நகரும் முன், அங்கேயே, ரேஞ்ச் ஆபீசர் கண் முன்னால், பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டிவிட்டு வா. சட்டைப்பை, கால்சட்டைப்பை, காது மூடி வைக்கிற உறை எல்லாம். தோட்டாவைச் சட்டைப்பையில் போடுவதையே நிறுத்து. அந்தப் பழக்கம்தான் பாதிப் பேரைக் கவிழ்க்கிறது, பாதித் தோட்டாக் கலப்பும் அங்கேதான் நடக்கிறது. ஒருவேளை எப்போதாவது வீட்டில் கண்டால், நீயாக வண்டியில் எடுத்துக்கொண்டு சுற்றாதே, குப்பையிலும் போடாதே. உடனே கிளப் பொறுப்பாளரை அழைத்து, அவர் சொல்படி போலீஸ் பாலாயில் (நிலையத்தில்) தெரிவி.

.22-இல் கவலை வேண்டாம் என்றவர் தவறு. .22 எல்ஆர் (லாங் ரைஃபிள்), .22 மேக்னம், .22 ஷார்ட் மூன்றும் .22-தான். மேக்னத்தின் கூடு எல்ஆரைவிடப் பருமன். மேக்னம் அறையில் எல்ஆர் தொளதொளவென்று விழும், சுட்டால் கூடு பக்கவாட்டில் கிழியும், பித்தளைத் துணுக்கும் சூடான காற்றும் பின்னால் வரும். கண்ணாடி இல்லாமல் யாரும் நிற்காதீர்கள். ஷார்ட் பற்றி: 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் வரை 25 மீட்டர் ரேபிட் ஃபயரில் அதைத்தான் சுட்டார்கள், அப்புறம் எல்ஆருக்கு மாற்றினார்கள். அதனால் பழைய கிளப்புகளில் வால்தர் ஓஎஸ்பி மாதிரி ஷார்ட்டுக்கென்றே செய்த பிஸ்டல் ஒன்றாவது அலமாரியில் தூங்கும். அதன் உடன்பிறப்பு ஜிஎஸ்பி எல்ஆருக்கு. இரண்டும் தோற்றத்தில் ஒரே வீட்டுப் பிள்ளைகள். எழுத்தைப் படிக்காமல் எடுக்கக் கூடாது. .22-இல் அடியில் நிறுவன எழுத்து மட்டும் இருக்கும், காலிபர் இருக்காது. ஆகவே அதை மட்டும் பெட்டியை விட்டு வெளியே பரப்பாதே, ஏற்றுகிற அளவுக்கு எடு, மிச்சத்தை மூடு.

.40 பற்றி. க்ளாக் 17-உம் க்ளாக் 22-உம் வெளியில் ஒரே அளவு. முதலாவது 9×19, இரண்டாவது .40 எஸ் அண்ட் டபிள்யூ. .40 தோட்டா 9 மில்லி அறையில் போகாது, பருமன் அதிகம். ஆனால் 9 மில்லி .40 அறையில் விழும், நகம் பிடித்தால் வெடிக்கவும் வெடிக்கும், கூடு பிளக்கும், குண்டு குழலின் சுவரைப் பிடிக்காமல் உருண்டு வெளியே போகும். பெயரில் 22 இருப்பதைப் பார்த்து .22 என்று எடுத்தவரையும் நான் பார்த்திருக்கிறேன். மாடல் எண் வேறு, காலிபர் வேறு. மேகசினிலும் காலிபர் பொறித்திருக்கும், அதையும் படி. மேகசின்களை மாற்றிச் சொருகும் மேசையில்தான் இந்தத் தவறு நடக்கும்.

செந்தூல் கவி

ஞாயிறு போய்விட்டு வந்தேன். புதுத் துண்டு வாங்கினேன், அதே குட்மார்னிங் துண்டு, நீலக் கரையும் சிவப்பு எழுத்துமாக. ஐம்பதை நிறுத்திக் குனிந்து பார்த்தேன். எல்லாம் ஒரே உயரம். பிறகு ஒவ்வொன்றாக அடியைப் படித்து ஏற்றினேன். முதல் மேகசினுக்கு நான்கு நிமிடம் ஆனது, மூன்றாவதற்கு ஒன்றரை. பக்கத்து மேசைப் பெரியவர் வந்து என்ன செய்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். அவர் எதுவும் பேசாமல் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு கடைசி மேசைக்குப் போனார், போன வாரத்துக்காக மன்னிப்பும் கேட்டார். அந்தப் பையனுக்கு நான் அடியைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தேன். விழுந்த தோட்டாவுக்கு ரேஞ்ச் ஆபீசர் ஒரு பழைய மைலோ டின்னை ஒதுக்கிவிட்டார்.

ஒன்று மட்டும் புரியவில்லை. இன்னொருவரின் பெட்டியில் சில தோட்டாக்களின் அடியில் 9 மிமீ என்று இல்லை. வட்டத்துக்குள் கூட்டல் குறி மாதிரி ஒன்றும், இரண்டு இலக்க எண்ணும் இருந்தன. நான் தொடவில்லை.

பிறை ஆர்மரர்

தொடாமல் விட்டது சரி. வட்டத்துக்குள் கூட்டல் குறி என்பது நேட்டோ முத்திரை, இரண்டு இலக்கம் தயாரித்த ஆண்டு. குட்டையான, நேரான பிஸ்டல் தோட்டாவில் அந்த முத்திரை இருந்தால் அது 9×19, சாதாரண லூகரைவிட அழுத்தம் கொஞ்சம் கூட. சில நிறுவனங்கள் அதே முத்திரையோடு வெளிச் சந்தையிலும் விற்கின்றன. நல்ல நிலையில் உள்ள இன்றைய 9×19 பிஸ்டல்கள் தாங்கும், ஆனால் உன் கிளப் பிஸ்டலின் கையேட்டில் அனுமதி இருக்கிறதா என்று பயிற்றுநர் பார்த்துச் சொல்லட்டும். அதுவரை அது அவருடைய பெட்டியிலேயே இருக்கட்டும்.

மைலோ டின்னுக்கு மேல் பெரிய எழுத்தில் 'பிரிக்காதது' என்று ஒரு தாள் ஒட்டச் சொல். மூன்று மொழியிலும்.